செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

மோட்டார் பந்தயத்துக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு ஓட்டத் தெரிந்த வாகனம் சைக்கிள் ஒன்றுதான். அதற்கும் சமதரை வேண்டும். அப்படிப்பட்ட நான் சென்ற மாதம் மூன்று இரவுகள் தூக்கம் கெட்டு, பனியிலும் சேற்றிலும் கார்கள் பறக்கிற பழைய படங்களைப் பார்த்துக்கொண்டும், அந்தப் பந்தயங்களின் விவரங்களைப் படித்துக்கொண்டும் இருந்தேன். காரணம் என் அண்ணன் மகன்.

அவன் கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில், டூல் ரூமில் வேலை பார்க்கிறான். ஒன்பது வருஷமாக அதே இடம். மாலை வகுப்பில் அவன் டிப்ளமா படித்தபோது செலவை ஏற்றுக்கொண்டது அந்தக் கம்பெனிதான். இப்போது வேறொரு கம்பெனி அவனை அழைக்கிறது. சம்பளம் ஒன்றரை மடங்கு. விடுமுறைக்கு வந்தவன் என் எதிரே உட்கார்ந்து, "சித்தப்பா, ஒரு நியாயம் சொல்லுங்க. செஞ்சோற்றுக் கடன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? அதை எவ்வளவு நாளைக்குக் கட்டறது?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அவனுடைய தகப்பனார், என் அண்ணா, ஒரு தனியார் பஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்தவர். ஒரு சமயம் போட்டிக் கம்பெனிக்காரர் வீடு தேடி வந்து அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார். அண்ணா மோர் கொடுத்து உபசரித்து, "இல்லைங்க" என்று அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு வருஷத்தில் பெரிய முதலாளி காலமானார். பிள்ளைகள் பஸ்களையும் ரூட் பர்மிட்டுகளையும் ஒரே கையெழுத்தில் விற்றார்கள். வாங்கினவர் தம்முடைய டிரைவர்களோடு வந்தார். அண்ணாவுக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு, பத்திரிகைத் தாளில் சுற்றிய கொஞ்சம் ரூபாய் நோட்டு. இருபத்திரண்டு வருஷம் முடிந்துவிட்டது. பிறகு பல வருஷம் அரிசி மில்லில் லாரி ஓட்டினார். ஒரு நாளும் அந்தக் குடும்பத்தைக் குறைத்துப் பேசினதில்லை. அவர் கோபப்படவில்லையே என்று நான் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தில் ஒரு கதைகூட எழுதினேன். அதில் ஒரு டிரைவர் முதலாளி விசுவாசத்தால் ஏமாந்துபோகிறான். அண்ணா அதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே பையன் கேட்டதும் சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டேன். அவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே ராலிப் பைத்தியம். "நான் நினைக்கிறதைச் சொல்லலை. ராலி ஓட்டறவங்க கதை நாலு சொல்றேன். கேட்டுட்டு நீங்க சொல்லுங்க" என்றான். அவன் சொன்னதையும், நான் படித்ததையும், எனக்குத் தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ராலி என்பது வட்டப் பாதையில் கார்கள் ஒன்றையொன்று முந்துகிற பந்தயம் அல்ல. ஜனங்கள் போய்வருகிற சாதாரணச் சாலையை, அது மலைச் சாலையோ காட்டுச் சாலையோ, சில மணி நேரத்துக்கு மூடிவிட்டு, கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான், கடிகாரம்தான் எதிரி. இப்படிப் பல கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் ஆன நேரத்தைக் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கு வெற்றி. காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் முன்கூட்டியே எழுதிவைத்த பாதைக் குறிப்பை, மடியில் வைத்த நோட்டிலிருந்து விடாமல் வாசிக்கிறார். மேட்டுக்கு அப்பால் வளைவு வலமா இடமா, எவ்வளவு கடுமை என்பது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. வாசிக்கிறவர் குரலில்தான் தெரியும். அந்தக் குரலை நம்பி அவர் வேகத்தைக் குறைக்காமல் மேட்டைத் தாண்டுகிறார். வாசிக்கிறவரோ பெரும்பாலும் சாலையைப் பார்ப்பதில்லை. தலை குனிந்தபடி தம் உயிரை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வாசிக்கிறார். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

உலக ராலிச் சாம்பியன் பட்டம் 1973இல் தொடங்கியது. அந்த முதல் வருஷப் பட்டம் ஆல்பைன் ரெனோ என்ற பிரெஞ்சுக் காருக்கு. ஆமாம், காருக்கு! முதல் ஆறு வருஷமும் உலகச் சாம்பியன் என்பது ஒரு தொழிற்சாலையின் பெயர். உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிற மனிதனுக்கு உலகப் பட்டம் கிடையாது. 1977இலும் 1978இலும் ஒரு கோப்பை கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். ஓட்டுநருக்கென்று உலகப் பட்டம் வந்தது 1979இல்தான்.

பட்டம் தொழிற்சாலைக்கு மட்டுமே இருந்த அந்தக் காலத்தில், 1976இல், இத்தாலியில் ஸான்ரேமோ ராலி நடந்தது. லான்சியா என்ற இத்தாலியக் கம்பெனியின் கார்கள் முன்னணியில் இருந்தன. கடைசிக் கட்டத்துக்கு முன் ப்யோர்ன் வால்டகார்ட் என்ற ஸ்வீடன்காரர் முதலிடத்தில் இருந்தார். அவருக்கு நான்கு விநாடி பின்னால் ஸாண்ட்ரோ முனாரி; அதே கம்பெனி, ஆனால் இத்தாலிக்காரர். குழுத் தலைவர் சீஸரே ஃபியோரியோ ஓர் உத்தரவு போட்டார். கடைசிக் கட்டம் தொடங்கும் இடத்தில் வால்டகார்ட் நான்கு விநாடி சும்மா நிற்க வேண்டும். அப்போது இருவரும் சமமாகிவிடுவார்கள். பிறகு யார் கெட்டிக்காரரோ அவர் ஜெயிக்கட்டும் என்பது தீர்ப்பு.

தோற்றுப்போ என்று சொல்லவில்லை. ஆனால் இதுவரை நீ சம்பாதித்ததைச் சம்பாதிக்கவில்லை என்று வைத்துக்கொள் என்று சொன்னார்கள். வால்டகார்ட் நின்றார். கடிகாரம் நான்கு விநாடி ஓடியது. பிறகு அவர் புறப்பட்டார். அந்த ஒரே கட்டத்தில் முனாரியை நான்கு விநாடியால் தோற்கடித்து ராலியை ஜெயித்தார். ஜெயித்துவிட்டு லான்சியாவை விட்டு ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1979இல் ஓட்டுநருக்கென்று உலகப் பட்டம் ஏற்பட்டபோது அதை முதல் முதலாக வாங்கியவர் யார் தெரியுமா? இதே வால்டகார்ட்.

கதை இப்படி முடிந்ததால் நமக்குத் திருப்தியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் நான்கு விநாடியால் தோற்றிருந்தால்? உத்தரவின் நியாயம் முடிவைப் பொறுத்ததா? அப்படி இருக்க முடியாது. ஆகவே இன்னொரு கதையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1995 அக்டோபர். ஸ்பெயின் நாட்டில் கத்தலோனியா ராலி. ஜப்பானிய சுபாரு கார்கள் முதல் மூன்று இடங்களைப் பிடிக்கிற நிலையில் இருந்தன. ஸ்பெயினின் கார்லோஸ் ஸைன்ஸ் முன்னால். இரண்டு தடவை உலகச் சாம்பியன் ஆனவர். சொந்த நாட்டில் ஓட்டுகிறார். அவருக்குப் பின்னால் கோலின் மெக்ரே, 27 வயது ஸ்காட்லாந்து இளைஞர். இருவருமே பட்டத்துக்குப் போட்டி. குழுத் தலைவர் டேவிட் ரிச்சர்ட்ஸ், இனி ஒருவரோடு ஒருவர் போட்டி போட வேண்டாம், இருக்கிற வரிசைப்படியே முடியுங்கள் என்று உத்தரவிட்டார். மெக்ரே கேட்கவில்லை. வேகமாக ஓட்டி ஸைன்ஸை மிஞ்சினார். முடிவில் கம்பெனியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, நேரத் தண்டனையை வலிய வாங்கிக்கொண்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். வெற்றி ஸைன்ஸுக்கு. இருவருக்கும் தலைக்கு 70 புள்ளி. அடுத்த மாதம் பிரிட்டனில் நடந்த கடைசி ராலியில் மெக்ரே 36 விநாடி வித்தியாசத்தில் ஸைன்ஸை ஜெயித்து உலகப் பட்டம் பெற்றார்.

ரிச்சர்ட்ஸின் உத்தரவை அநியாயம் என்று தள்ளிவிட முடியவில்லை. இரண்டு வீரர்கள் ஒருவரையொருவர் விரட்டினால் இரண்டு கார்களும் மரத்தில் மோதலாம். நூற்றுக்கணக்கானவர்களின் ஒரு வருஷ உழைப்பு அந்தக் கார்கள். தொழிற்சாலைக்கும் ஒரு பட்டம் உண்டு. அதற்காகத்தான் அது பணம் போடுகிறது. சம்பளம் கொடுக்கிறவன் 'ஜாக்கிரதையாக ஓட்டு' என்று சொல்லக்கூடாதா? சொல்லலாம். ஆனால் 'ஜாக்கிரதையாக ஓட்டு' என்பது வேறு, 'ஜெயித்ததைத் திருப்பிக் கொடு' என்பது வேறு. முன்னது உழைப்பைப் பற்றிய கட்டளை. பின்னது உண்மையைப் பற்றிய கட்டளை. உழைப்பை விலைக்கு வாங்கலாம். ஒருவன் எவ்வளவு வேகமாக வந்தான் என்ற உண்மையை யார் விற்க முடியும், யார் வாங்க முடியும்? மெக்ரேயின் பிழை உத்தரவை முதலில் மீறியது. கம்பெனியின் பிழை கடைசியில் கடிகாரத்தைப் பொய் சொல்ல வைத்தது. இரண்டாவது பிழை பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. ஸைன்ஸ் அந்தக் கோப்பையை வீட்டில் எந்த இடத்தில் வைத்தாரோ! அவரும் அந்த வருஷத்தோடு சுபாருவை விட்டுப் போய்விட்டார்.

அதே கத்தலோனியா ராலியில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. டொயோட்டா கார்களைச் சோதித்தார்கள். எஞ்சினுக்குள் போகிற காற்று 34 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையத்தின் வழியாகத்தான் போகவேண்டும் என்பது விதி. சக்தி மட்டுமீறாமல் இருக்க அந்தக் கட்டுப்பாடு. டொயோட்டாவில் அந்த வளையத்தைச் சுற்றிக் காற்று களவாக நுழைய ஒரு வழி செய்திருந்தார்கள். சோதனைக்காகக் கழற்றினால் அந்த வழி தானே மூடிக்கொள்ளும். அவ்வளவு சாமர்த்தியம்! குழுவுக்கு ஒரு வருஷத் தடை. அதன் ஓட்டுநர்களுக்கு அந்த வருஷத்துப் புள்ளிகள் அத்தனையும் ரத்து. அவர்களில் ஒருவர் யூஹா கங்குனென்; நான்கு தடவை உலகச் சாம்பியன்; அந்த வருஷமும் பட்டத்துக்கு மிக நெருக்கத்தில் இருந்தவர். அந்தக் களவு ஓட்டுநர்களுக்குத் தெரியும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தெரியாமலே குற்றத்தில் பங்கு வந்துவிட்டது. செஞ்சோறு என்கிறோமே, அந்தச் சோற்றில் அரிசி எங்கிருந்து வந்தது என்று தின்கிறவனுக்குத் தெரிவதில்லை.

இதுவரை சொன்னது ஓட்டுநர் கம்பெனிக்குப் பட்ட கடன். கம்பெனி ஓட்டுநருக்குப் படும் கடன் என்ன?

செபாஸ்டியன் ஓஜியே பிரெஞ்சுக்காரர். 2011 முடிவில் சித்ரோயன் கம்பெனியை விட்டு வோக்ஸ்வாகனுக்குப் போனார். வோக்ஸ்வாகனின் ராலிக் கார் அப்போது பந்தயத்துக்குத் தயாராகவில்லை. 2012 முழுவதும் சக்தி குறைந்த ஒரு ஸ்கோடாக் காரை ஓட்டிக்கொண்டு காத்திருந்தார். வெற்றி பெறும் காரில் உட்கார்ந்திருந்தவன் ஒரு திட்டத்தை நம்பி இறங்கி நின்றான் என்று அர்த்தம். நம்பிக்கை வீண்போகவில்லை. 2013 முதல் 2016 வரை வோக்ஸ்வாகன் ஓடிய ராலிகள் 52, ஜெயித்தவை 43. நான்கு வருஷமும் ஓஜியே உலகச் சாம்பியன்.

ஆனால் 2015 செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் ஏற்பாடு இருந்தது அம்பலமாயிற்று. உலகம் முழுவதும் ஒரு கோடியே பத்து லட்சம் வாகனங்கள். அபராதம், வழக்கு, அவமானம். 2016 நவம்பர் 2ஆம் தேதி, ராலியிலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். அடுத்த வருஷப் புதிய விதிகளுக்கென்று செய்த கார் தயாராக இருந்தது. அது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. அறிவிப்புக்குப் பிறகு ஒரு ராலி பாக்கி இருந்தது, ஆஸ்திரேலியாவில். அதை ஜெயித்தவர் அந்தக் கம்பெனியின் மூன்றாவது ஓட்டுநர், நார்வேக்காரரான ஆண்ட்ரியாஸ் மிக்கெல்ஸன். வெற்றி மேடையில் நின்ற அந்த மனிதருக்கு அடுத்த வருஷம் தொடங்கும்போது முன்னணிக் குழு எதிலும் இடம் இல்லை.

இந்த இடத்தில் பையனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "டீசல்ல தப்பு பண்ணினவன் எவனோ, சீட்டுப் போனது இவருக்கு. நியாயமா சித்தப்பா?" என்றான். எனக்கு அண்ணாவின் வேட்டி துண்டு ஞாபகம் வந்தது. ஆனால் நிதானமாக யோசித்தால் கம்பெனியைத் திட்டவும் முடியவில்லை. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிற இடம் அது. அபராதம் கட்டக் காசு தேடும்போது பந்தயச் செலவை நிறுத்துவது கொடுமை ஆகுமா? பஸ் முதலாளியின் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன, கடன் இருந்ததோ, பங்குத் தகராறு இருந்ததோ! நிறுவனத்துக்கு நெஞ்சு இல்லை என்று சொல்லுவது வசவு அல்ல; ஓர் உண்மை. நெஞ்சில்லாத ஒன்றிடம் நாணயத்தை எதிர்பார்க்கலாம். அன்பை எதிர்பார்ப்பது நம்முடைய தவறு.

ஓஜியேயின் கதை அங்கே நிற்கவில்லை. 2017இல் அவர் எம்-ஸ்போர்ட் என்ற குழுவுக்குப் போனார். மால்கம் வில்சன் என்ற பழைய ராலி ஓட்டுநர் இங்கிலாந்தின் வடகோடியில் நடத்திவந்த குழு. ஃபோர்ட் கம்பெனி 2012 முடிவில் தன் அதிகாரபூர்வ ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகும், அவர்கள் ஃபோர்ட் கார்களையே விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓஜியே அங்கே 2017இலும் 2018இலும் பட்டம் வென்றார். பிறகு அவர்களையும் விட்டுச் சித்ரோயனுக்குத் திரும்பினார். 2019 முடிவில் அதையும் விட்டு டொயோட்டாவுக்குப் புறப்பட்டார். உடனே, நவம்பர் 20ஆம் தேதி, சித்ரோயன் கடையை மூடியது. ஓஜியே போகிறார், அடுத்த வருஷத்துக்கு முதல் தரமான வேறு ஓட்டுநர் கிடைக்கவில்லை, ஆகவே விலகுகிறோம் என்று அறிவித்தது. அப்போது அதே கம்பெனியின் இன்னொரு காரில் எஸபெக்கா லாப்பி என்ற பின்லாந்துக்காரர் உட்கார்ந்திருந்தார். 2017இல் பின்லாந்து ராலியை ஜெயித்தவர். அந்த அறிவிப்பைப் படித்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? போனவனுக்கு மரியாதை, இருந்தவனுக்கு 'முதல் தரம் இல்லை' என்ற சான்றிதழ். பிறகு வில்சனின் குழுதான் லாப்பிக்கும் இடம் கொடுத்தது.

இப்போது சொல்லுங்கள். இங்கே யார் யாருக்குத் துரோகி? வோக்ஸ்வாகன் ஓஜியேயைக் கைவிட்டது. ஓஜியே தமக்கு இடம் கொடுத்த வில்சனை விட்டுப் போனார். சித்ரோயனையும் விட்டுப் போனார். சித்ரோயன் லாப்பியை விட்டுவிட்டது. விசுவாசம் என்ற படியால் அளந்தால் ஒருவருமே தேறமாட்டார்கள். அப்படியானால் மனிதர்கள் மோசம் என்று அர்த்தமா, படி தப்பு என்று அர்த்தமா?

செஞ்சோற்றுக் கடன் என்றதும் நமக்குக் கர்ணன் நினைவுதான் வரும். தன்னைப் பெற்றவள் வந்து அழைத்தும் துரியோதனனை விட்டுப் போக மறுத்தவன். ஆனால் கர்ணன் யாருக்குக் கடன்பட்டான்? சபை நடுவில் உன் குலம் என்ன என்று உலகம் ஏளனம் செய்தபோது கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட ஒரு மனிதனுக்கு. அந்த மனிதனுக்கு முகம் இருந்தது. கர்ணன் விழுந்தபோது அழக் கண் இருந்தது. துரியோதனன் ஒரு லிமிடெட் கம்பெனியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பதினாறாம் நாள் போரில் நஷ்டம் அதிகம் என்று டைரக்டர்கள் கூடித் தீர்மானித்து, பதினேழாம் நாள் காலையில் போரிலிருந்து விலகியிருப்பார்கள். கர்ணனுக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு.

ஆகவே கடனையும் விசுவாசத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் என்பது அளவுள்ளது. வாங்கின சம்பளத்துக்குக் குறைவில்லாத வேலை, கொடுத்த வாக்கு, பொய்யில்லாத கணக்கு. இவற்றை நிறுவனத்துக்குச் செலுத்தலாம், நிறுவனமும் நமக்குச் செலுத்த வேண்டும். செலுத்தினால் கணக்குத் தீர்ந்தது. விசுவாசம் அப்படியல்ல, அது தீராதது. தீராத ஒன்றை, திருப்பித் தர வழியில்லாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. அது மனிதனுக்கு மனிதன் செய்வது.

இதற்கும் அந்த ராலிக் காரிலேயே அத்தாட்சி இருக்கிறது. கம்பெனி கம்பெனியாக மாறினாரே ஓஜியே, அவருக்குப் பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு குனிந்த தலையோடு வாசித்தவர் யார்? ஜூலியன் இங்க்ராஸியா. சித்ரோயன், வோக்ஸ்வாகன், ஃபோர்ட், மறுபடி சித்ரோயன், டொயோட்டா என்று கார்கள் மாறின. 2021இல் இங்க்ராஸியா தாமே ஓய்வு பெறும் வரையில் அந்தக் குரல் மாறவில்லை. இருவரும் சேர்ந்து வென்ற உலகப் பட்டங்கள் எட்டு. 2025இல் வேறொருவர் பக்கத்தில் இருக்க, ஓஜியே ஒன்பதாவது பட்டமும் வாங்கினார்; ஆனால் அந்த எட்டும் இரண்டு பேருடையவை. அவரை நிலையில்லாதவர் என்று சொல்லுகிறவர்கள் காரின் வெளியே ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துச் சொல்லுகிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அபிப்பிராயம் மாறும்.

இவ்வளவையும் பையனிடம் சொல்லி முடித்து, "ஆகவே நீ தாராளமாகப் போகலாம். உன் அப்பா செய்த தவறை நீயும் செய்யாதே. அவர் மனிதனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கம்பெனிக்குக் கொடுத்தார்" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஒரு கட்டுரை எழுதி முடித்த சுகம்.

திண்ணையில் சாய்ந்திருந்த அண்ணா கண்ணைத் திறந்தார். அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கதையிலயும் இப்படித்தான்டா எழுதியிருந்தே. டிரைவர் முதலாளிக்காக இருந்தான்னு. தப்புடா" என்றார்.

நான் பேசவில்லை.

"காலையில ஆறேகால் வண்டி நம்முது. தறிக்குப் போற ஜனம், பெரியாஸ்பத்திரிக்குப் போற கிழடு கட்டை, மேலூர் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. அதை விட்டா ஒம்பது மணி வரைக்கும் அந்தப் பக்கம் வண்டி கெடையாது. புதுசா வர்றவன் நின்னு ஏத்துவானான்னு எனக்குத் தெரியாது. அப்பறம் நம்ம கண்டக்டர் இருந்தான் பாரு, அவனுக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் தெரியும். ராத்திரி டிரிப்புல சில்லறையை நான்தான் எண்ணிக் கொடுப்பேன். பின்னாலே கும்பல் எப்படியிருந்தாலும் அவன் ரெண்டு விசில் கொடுத்தா நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், எடுத்துருவேன். எட்டு வருஷத்துல ஒருத்தர் காலு மாட்டினதில்லை. நான் அந்தக் கம்பெனிக்குப் போயிட்டா அவன் கதி? முதலாளி எனக்கு நல்லவருதான். ஆனா நான் இருந்தது அவருக்காக இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

எத்தனையோ வருஷமாக நான் அவரை ஏமாந்தவர் என்று நினைத்துவந்தேன். அச்சிலும் ஏற்றினேன். விசுவாசம் மனிதனுக்கு மனிதன் செய்வது என்று மூன்று இரவு கண்விழித்துக் கண்டுபிடித்ததாக நான் நினைத்ததை, அவர் யாரிடமும் சொல்லாமல் செய்துவிட்டு, நஷ்டத்தையும் வாங்கிக்கொண்டு, அதற்காக யாரையும் குறை சொல்லாமல் இருந்திருக்கிறார். பஸ்ஸின் வெளியே எழுதியிருந்த பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவன் நான்தான்.

இதனால் என் முடிவு மாறிவிட்டதா? முழுக்க மாறவில்லை. போவதோ இருப்பதோ அறம் ஆகிவிடாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். யாரை எண்ணிப் போகிறோம், யாரை எண்ணி இருக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை வெளியில் இருக்கிறவன் அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்துவிட முடியாது என்பதை மட்டும் இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்குக் கீழே ரெண்டு அப்ரண்டிஸ் பசங்க இருக்காங்க சித்தப்பா. பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேற ஆள் இல்லை" என்றான். மறுநாள் புதிய கம்பெனிக்குப் போன் செய்து மூன்று மாதம் தவணை கேட்டான். யோசித்துச் சொல்லுகிறோம் என்றார்களாம். காத்திருப்பார்களா என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என்னுடைய அந்தப் பழைய கதை இருக்கிற தொகுதி மறுபதிப்புக்குப் போகிறது. அதை எடுத்துவிடலாமா, திருத்தலாமா என்று அண்ணாவைக் கேட்டேன். "கண்டக்டரைச் சேர்த்துக்க. அது போதும்" என்றார்.